ரீட்பேக் சரியாகச் சொன்ன பிறகும் தவறு எப்படி நடக்கிறது? (விமானி – ஏடிசி ரேடியோ பேச்சு)

புதுச்சிறகு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ரேடியோ டெலிபோனி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடத்தில் படிக்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் தெரிகிறது. ஏடிசி (விமானப் போக்குவரத்து) கட்டுப்பாட்டாளர் சொல்கிறார், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார் (ரீட்பேக்), பிசகு இருந்தால் கட்டுப்பாட்டாளர் திருத்துகிறார். வளையம் மூடிவிட்டது. அப்படியிருந்தும் விமானம் தவறான உயரத்துக்குப் போவதும், அனுமதியில்லாமல் ஓடுபாதைக்குள் நுழைவதும் எப்படி நடக்கிறது? அந்த வளையம் எந்த இடத்தில் அறுந்துபோகிறது?

இன்னொன்று. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ‘கீச்’ என்று ஒரு ஓசை மட்டும் வரும் என்கிறார்கள். அது எதனால் வருகிறது? இத்தனை வருடமாக அதை ஏன் சரிசெய்யாமல் வைத்திருக்கிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கோபுரக்கண் எழுதியது:

ரீட்பேக்கோடு வளையம் மூடிவிடுவதில்லை. அது பாதி வேலைதான். திருப்பிச் சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் காதில் வாங்கி, தான் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதை ஹியர்பேக் என்கிறோம். பல நேரம் அறுவது இந்த இடத்தில்தான்.

ரீட்பேக் வரும் அந்த மூன்று நான்கு விநாடியில் கட்டுப்பாட்டாளர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று பாருங்கள். திரையில் அந்த விமானத்தின் லேபிளில் புதிய உயரத்தைப் பதிந்துகொண்டிருப்பார், அல்லது விமான விவரம் குறிக்கும் ஸ்ட்ரிப் காகிதத்தில் எழுதிக்கொண்டிருப்பார். பக்கத்து செக்டாரிலிருந்து ஃபோன் அடிக்கும். அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்று கண் ஓடும். அந்த நேரத்தில் காது தனக்குத் தெரிந்த பதிலைத்தான் எதிர்பார்த்து நிற்கும். அவர் சொன்னது ‘ஒன் ஒன் ஜீரோ’, அதாவது ஃப்ளைட் லெவல் 110 (நூறு அடிக் கணக்கில் 11,000 அடி). திரும்பி வந்தது ‘ஒன் ஜீரோ ஜீரோ’. தாளமும் நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. மனம் அதை 110 என்றே வாங்கிக்கொள்ளும். இதனால்தான் முழு நூறுகளை மட்டும் ‘ஃப்ளைட் லெவல் ஒன் ஹண்ட்ரட்’, ‘டூ ஹண்ட்ரட்’ என்று சொல்லும் வழக்கம் வந்தது. 100-க்கும் 110-க்கும் ஓசையிலேயே வேறுபாடு தெரிய வேண்டும்.

எண்கள் ஒன்றோடொன்று இடம் மாறுவது அடுத்த தொல்லை. ‘டர்ன் லெஃப்ட் ஹெட்டிங் டூ ஒன் ஜீரோ, ரெட்யூஸ் ஸ்பீட் டூ ஒன் ஜீரோ நாட்ஸ், டிசென்ட் ஃப்ளைட் லெவல் ஒன் டூ ஜீரோ’ என்று ஒரே மூச்சில் கொடுத்தால் விமானி எழுதி முடிப்பதற்குள் எது திசை, எது வேகம் என்பது கலங்கிவிடும். ஒரு செய்தியில் இரண்டு கட்டளைக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ரீட்பேக்கிலும் வெறும் எண்ணைச் சொல்லாமல் ‘ஹெட்டிங் 210, ஸ்பீட் 210’ என்று அது எதன் எண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கால்சைன் (ரேடியோவில் விமானத்தை அழைக்கும் பெயர்) குழப்பம் இன்னும் மோசம். ஒரே அலைவரிசையில் சிறகு 316, சிறகு 361 என்று இரண்டு விமானங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 316-க்குக் கொடுத்த இறக்கத்தை 361 எடுத்துக்கொண்டு, எண்ணைப் பிசகில்லாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, கால்சைனை மட்டும் வாய்க்குள் முழுங்கிவிடுகிறது. உயரம் சரி, ஆள் தவறு. கட்டுப்பாட்டாளரின் காது உயரத்தைச் சரிபார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடும். கால்சைன் இல்லாத ரீட்பேக்கை ரீட்பேக்காகவே கணக்கில் எடுக்கக் கூடாது. இப்படி இரண்டு விமானங்கள் மாட்டிக்கொண்டால் இருவரையும் எச்சரிப்பதோடு, தேவைப்பட்டால் ஒன்றின் கால்சைனைத் தற்காலிகமாக மாற்றவும் கட்டுப்பாட்டாளருக்கு அதிகாரம் உண்டு. விமானியே அப்படிக் கேட்கலாம்.

நீங்கள் கேட்டதற்கு நேரான உதாரணம், அதாவது ரீட்பேக்கில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் தவறு நடந்தது, 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில். உண்மையான க்யூஎன்எச் (உயரமானியில் வைக்க வேண்டிய, கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) 1001. கட்டுப்பாட்டாளர் வாய் தவறி 1011 என்று சொன்னார். விமானி 1011 என்றே திருப்பிச் சொன்னார். சொன்னதும் கேட்டதும் ஒத்துப்போய்விட்டன. வளையம் அழகாக மூடியது, தவறான எண்ணின் மேல். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 28 அடி என்று வைத்தால் 10-க்கு 280 அடி. உயரமானி காட்டியதைவிட அத்தனை அடி தாழ்வாக அந்த ஏ320 இறங்கியது. அது காற்றழுத்த உயரத்தை நம்பி இறங்கும் அணுகுமுறை. மேகத்துக்குள் இருந்ததால் தரையும் தெரியவில்லை. ஓடுபாதை தொடங்குவதற்கு ஒரு மைல்கூட இல்லாத இடத்தில், ரேடியோ உயரமானி கணக்கில் தரைக்கு மேல் வெறும் 6 அடி வரை போய்த்தான் மேலே எழும்பியது. சரியான எண் ஏடிஸ் (நிலையத்தின் வானிலை, ஓடுபாதைத் தகவலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பதிவு) ஒலிபரப்பில் இருந்தது. அதனால் எந்தக் க்யூஎன்எச் காதில் விழுந்தாலும் ஏடிஸில் குறித்து வைத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு நல்ல துணை இருக்கிறது. மோட் எஸ் (விமானம் தன் தரவை ரேடாருக்கு அனுப்பும் முறை) வசதியுள்ள இடங்களில் விமானி ஆட்டோபைலட் பலகையில் திருகி வைத்த உயரம் கட்டுப்பாட்டாளரின் திரைக்கே வந்துவிடும். வாய் 110 என்று சொல்லி, கை 100 என்று திருகியிருந்தால், விமானம் அந்த உயரத்தைத் தாண்டும் முன்பே பிடித்துவிடலாம். எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை.

---

அலைநீளம் எழுதியது:

‘கீச்’ பற்றி நான் சொல்கிறேன்.

விமான வானொலி 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் முறையில் ஓடுகிறது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை அவருடைய ரிசீவர் அடங்கியிருக்கும். இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் குரலைச் சுமக்கும் இரண்டு கேரியர் அலைகளும் மூன்றாமவரின் ரிசீவரில் மோதும். அவற்றின் அதிர்வெண் வித்தியாசம்தான் அந்த விசில். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் 5 பங்கு பிசகு என்றால் 600 ஹெர்ட்ஸ். ஒரு ரேடியோ அவ்வளவு மேலேயும் மற்றது அவ்வளவு கீழேயும் இருந்தால் வித்தியாசம் 1,200 ஹெர்ட்ஸ். மனிதக் குரல் இருக்கிற பட்டைக்கு நட்ட நடுவில் வந்து உட்காரும்.

இதில் ஆபத்து ஓசை அல்ல. பேசிய இருவருக்கும் அந்த ஓசை கேட்காது என்பதுதான். இருவருமே தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். 1977 மார்ச் 27, டெனெரிஃப். மூடுபனியில் இரண்டு 747 ஒரே ஓடுபாதையில். கேஎல்எம் விமானி ‘வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்கிறார். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று தொடங்கி, ‘ஸ்டாண்ட் பை ஃபார் டேக்-ஆஃப், ஐ வில் கால் யூ’ என்று முடிக்கிறார். அதே நேரத்தில் பான் ஆம் விமானம், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறோம் என்கிறது. கேஎல்எம் காக்பிட்டில் அந்த ‘ஓகே’ மட்டும் தெளிவாக விழுந்தது. நிறுத்தியிருக்க வேண்டிய இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. 583 பேர் இறந்தார்கள்.

ஏன் எஃப்எம்முக்கு மாறவில்லை என்று கேட்பீர்கள். எஃப்எம்மில் வலுவான சமிக்ஞை மெலிந்ததை முழுதாக விழுங்கிவிடும். ஒரே ஒருவர் பேசியது போலத் தெளிவாகக் கேட்கும், இன்னொருவர் பேசியதற்குச் சுவடே இருக்காது. ஏஎம்மில் விசிலாவது வரும், யாரோ மோதிவிட்டார்கள் என்று தெரியும். தொலைவில் இருந்து மெலிதாக வரும் அபாய அழைப்பும் அடியில் கொஞ்சம் கேட்கும். உலகம் முழுக்க உள்ள விமானங்களையும் தரை நிலையங்களையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதும் ஒரு காரணம்தான்.

அந்த விசில் காதில் விழுந்தால் நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. அது கேட்பது மூன்றாமவருக்கு மட்டும். ‘பிளாக்ட்’ என்று ஒரே சொல் சொல்லுங்கள். பேசிய இருவருக்கும் அது போய்ச் சேரும்.

பொத்தான் சிக்கிக்கொள்வது இதே வியாதியின் பெரிய வடிவம். ஒரு விமானத்தின் பிடிடி (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுந்தியபடியே இருந்துவிட்டால் அந்த அலைவரிசையே அடைத்துப்போகும். யாரால் என்று அந்த விமானிக்கு மட்டும் தெரியாது. திடீரென்று அலைவரிசை அசாதாரண அமைதியாக இருந்தால் முதலில் உங்கள் ரேடியோவில் டிஎக்ஸ் (ஒலிபரப்பு) விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கை மைக் இருக்கைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில ரேடியோக்கள் சுமார் 35 விநாடிக்குப் பிறகு தாமே ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும், எல்லாம் அல்ல.

பழக்கத்தில் ஒன்று. பொத்தானை அழுத்தியவுடன் பேசாதீர்கள். அரை விநாடி விட்டுப் பேசுங்கள். பேசி முடித்த பிறகே விரலை எடுங்கள். முதல் அசை வெட்டுப்பட்டால் போவது பெரும்பாலும் கால்சைன்தான், அதைப் பற்றி மேலே எழுதிவிட்டார்கள். வேகம் நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் வேண்டாம் என்பது ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதி. ஒரு நிமிடம் கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள், எவ்வளவு நிதானம் என்று புரியும்.

---

புதுச்சிறகு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி சார். பேசியவருக்கே கேட்காது என்பது எனக்குப் புதிது.

சொற்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். ‘அஃபர்ம்’, ‘டிபார்ச்சர்’, ‘டேக்-ஆஃப்’ என்று எதை எங்கே சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். அர்த்தம் புரிந்தால் போதாதா? பாதி மட்டும் காதில் விழுந்தால் என்ன செய்வது?

---

இடதுஇருக்கை எழுதியது:

அர்த்தம் புரிந்தால் போதாது. இரைச்சலில் முக்கால்வாசி அழிந்த பிறகும், மிச்சமிருக்கும் கால்வாசியை வைத்து வேறு அர்த்தம் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

‘அஃபர்மேட்டிவ்’, ‘நெகட்டிவ்’ இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. முன்பாதி வெட்டுப்பட்டால் ஆமா, இல்லையா என்றே தெரியாது. அதனால் ‘அஃபர்ம்’. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் புறப்படும் அனுமதியைக் கொடுக்கும்போதும், அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் வர வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’. டெனெரிஃப் கற்றுக்கொடுத்தது அது. ஓடுபாதைத் தலைப்பில் நிற்கிறவர் காதில் அந்தச் சொல் விழுந்தாலே கை த்ராட்டிலுக்குப் போகும்.

‘டூ’ என்ற ஓசை ஒன்றே பெரிய கண்ணி. 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஃபிளையிங் டைகர் 747 சரக்கு விமானம். கட்டுப்பாட்டாளர் சொன்னது ‘டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’, அதாவது 2,400 அடி. விமானி முதல் ‘டூ’வை எண்ணாக எடுக்காமல் ‘-க்கு’ என்ற பொருளில் எடுத்துக்கொண்டார். 400 அடிக்கு இறங்கு என்று. ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று திருப்பியும் சொன்னார். யாரும் திருத்தவில்லை. மலையில் மோதி நால்வர் இறந்தார்கள். ‘டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்’ என்று முறைப்படி சொல்லியிருந்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. பிரிட்டனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அடியில் சொல்லும்போது ‘டிசென்ட் டூ ஆல்டிட்யூட் …’ என்று நடுவில் ஒரு சொல்லை நிறுத்துவார்கள். ஃப்ளைட் லெவலுக்கு அந்த ‘டூ’வையே எடுத்துவிடுவார்கள்.

கோபுரக்கண் சார் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். ரீட்பேக் சரி, கட்டளையும் சரி, மனதில் உருவான படம் மட்டும் தவறு என்ற வகையும் உண்டு. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல்படையின் டாஷ் 8 விமானத்துக்குச் சொல்லப்பட்டது: நீங்கள் நம்பர் ஒன், சி5 ஹோல்டிங் பாயின்ட்டுக்கு (ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்கும் இடம்) செல்லுங்கள். அவர்கள் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் ஓடுபாதைக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி உள்ளே போய் சுமார் 40 விநாடி நின்றார்கள். ஏ350 பயணிகள் விமானம் வந்து இறங்கி அதன் மேல் மோதியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினார்கள், டாஷ் 8-இல் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். விபத்துக்குப் பிறகு புறப்பாட்டு வரிசை எண் சொல்வதையே அங்கே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். ‘நம்பர் ஒன்’ வெறும் தகவல். அனுமதி என்பது ‘லைன் அப் அண்ட் வெயிட்’ (ஓடுபாதைக்குள் போய் நின்று காத்திரு) அல்லது ‘கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்’ என்ற சொல்லாக வந்தால் மட்டும்தான். ஹோல்டிங் பாயின்ட்டைத் தாண்டும் முன், அந்தச் சொல் உண்மையிலேயே காதில் விழுந்ததா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எரிபொருள் விஷயத்தில் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, மென்மையாகப் பேசாதீர்கள். 1990 ஜனவரி 25, நியூயார்க். அவியங்கா 52, போயிங் 707. மோசமான வானிலையில் மூன்று முறை வட்டமடிக்க வைத்தார்கள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல். விமானிகள் ‘பிரையாரிட்டி’ கேட்டார்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். ‘எமர்ஜென்சி’ என்றோ ‘மேடே’ (அபாய அழைப்பு) என்றோ கடைசி வரை சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர் காதில் அது எல்லா விமானமும் சொல்கிற குறையாகவே விழுந்தது. நான்கு இஞ்சினும் நின்று லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் போனார்கள். இப்போது இரண்டே சொற்றொடர். ‘மினிமம் ஃப்யூயல்’ என்றால், இந்த நிலையத்தில்தான் இறங்கப்போகிறேன், இனி தாமதித்தால் இறுதிக் கையிருப்பைத் தொட வேண்டிவரும் என்று பொருள். இது முன்னுரிமை தராது, தகவல் மட்டும். இறங்கும்போது கையிருப்புக்குக் கீழே போய்விடும் என்று கணக்கு காட்டினால் ‘மேடே மேடே மேடே ஃப்யூயல்’. ஜெட்டுக்கு அந்தக் கையிருப்பு 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் பறக்கும் அளவு.

பாதி கேட்டால் ஊகிக்க வேண்டாம். கேட்ட பகுதியைச் சொல்லிக் கேளாததை மட்டும் கேட்கலாம்: ‘சே எகெய்ன் ஆல் ஆஃப்டர் ஹெட்டிங்’. எல்லாமே போய்விட்டால் ‘சே எகெய்ன்’. ‘ரோஜர்’ என்றால் முழுதும் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும்தான், செய்கிறேன் என்று அல்ல. உயரம், திசை, வேகம், ஓடுபாதை, க்யூஎன்எச், ஸ்குவாக் எண் (ரேடாருக்கு அடையாளமாக வைக்கும் நான்கு இலக்கக் குறியீடு) எதற்கும் ‘ரோஜர்’ பதிலாகாது. காக்பிட்டில் ஒருவர் ஒன்று கேட்டேன், மற்றவர் வேறு கேட்டேன் என்றால் அது அங்கே தீர்க்கும் விவாதம் அல்ல. உடனே கட்டுப்பாட்டாளரிடம் ‘கன்ஃபர்ம்’ போடுங்கள்.

---

தரவுச்சரடு எழுதியது:

இவ்வளவுக்கும் பதில் சிபிடிஎல்சிதானே (கட்டுப்பாட்டாளருக்கும் விமானிக்கும் இடையிலான எழுத்துச் செய்தி முறை)? கட்டளை எழுத்தாகத் திரையில் வரும். உச்சரிப்பு, விசில், ‘டூ’ குழப்பம் எதுவும் இல்லை. விமானி ‘வில்கோ’ (செய்கிறேன்) அல்லது ‘அனேபிள்’ (முடியாது) அழுத்தினால் முடிந்தது. கடல் மேலே எச்எஃப் (தொலைதூர வானொலி) இரைச்சலில் கத்திக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

---

கோபுரக்கண் எழுதியது:

கடல் மேலேயும், உயரப் பறக்கும்போதும் அது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் பதில் வர அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகலாம். இறங்கும் வரிசையில், ஓடுபாதை அருகில், உடனே திரும்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் குரல்தான்.

எழுத்திலும் பிழை வரும். ‘அட் 1200 கிளைம்ப் டூ ஃப்ளைட் லெவல் 360’ என்ற செய்தியில் முதலில் உள்ள ‘அட் 1200’ கண்ணில் படாமல் உடனே ஏறத் தொடங்கியதுண்டு. அது ஏறும் நேரம், அதுவரை இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட நிபந்தனைச் செய்தியை இரு விமானிகளும் தனித்தனியே படித்துவிட்டு, பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பது நல்லது. இன்னொரு இழப்பும் உண்டு. குரலில் பேசினால் அலைவரிசையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும். ‘அந்த உயரத்தில் நான் இருக்கிறேனே’ என்று ஒருவர் குறுக்கிட முடியும். எழுத்தில் அது நடக்காது.

---

புதுச்சிறகு எழுதியது:

கடைசியாக ஒன்று சார். வேறு அலைவரிசைக்கு மாறச் சொல்கிறார்கள், மாறிய பிறகு யாரும் பதில் சொல்லவில்லை. என்ன வரிசையில் பார்க்க வேண்டும்?

---

அலைநீளம் எழுதியது:

எண்ணை முதலில் பாருங்கள். 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 118.025 என்பதும் 118.030 என்பதும் அலையில் ஒரே இடம், ஆனால் வெவ்வேறு சேனல். பட்டையின் அகலம் மாறிவிடும். அதனால்தான் ஆறு இலக்கத்தையும் சொல்லச் சொல்கிறார்கள், கடைசி இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மட்டும் நான்கு போதும். பிறகு வால்யூம், ஸ்கெல்ச் (இரைச்சலை அடக்கும் அமைப்பு), ஆடியோ பலகையில் எந்த ரேடியோ தேர்வாகியிருக்கிறது, ஹெட்செட் செருகி. உங்கள் குரல் உங்கள் காதிலேயே கேட்கவில்லை என்றால் கோளாறு உங்களிடம் என்று சந்தேகப்படலாம். தாழ்வாக இருந்தால் நிலையம் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கலாம். அடியில் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை கடல் மைல் எட்டும் என்று வரும். 1,000 அடியில் 39, 35,000 அடியில் 230.

எதுவும் சரிவரவில்லையா, பழைய அலைவரிசைக்கே திரும்பிப் போய் ‘நோ கான்டாக்ட்’ என்று சொல்லுங்கள். இந்தக் காரணத்துக்காகவே அதை ஸ்டாண்ட்பை ஜன்னலில் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அங்கும் இல்லை என்றால் 121.5 (அவசர அலைவரிசை), அருகில் பறக்கும் வேறு விமானம் வழியாகச் செய்தி அனுப்புவது, ஏகார்ஸ் (எழுத்துச் செய்தி அனுப்பும் வசதி) இருந்தால் அது. இவ்வளவும் பலிக்காவிட்டால் ஸ்குவாக் 7600 (ரேடியோ பழுது).

---

இடதுஇருக்கை எழுதியது:

7600 போட்ட பிறகும் பேசுவதை நிறுத்தாதீர்கள். ரிசீவர் மட்டும் போயிருந்தால் நீங்கள் சொல்வது அவர்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். ‘டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட் டியூ டு ரிசீவர் ஃபெயிலியர்’ என்று தொடங்கி, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, அதையே இன்னொருமுறை சொல்லுங்கள். அடுத்து எப்போது பேசுவீர்கள் என்ற நேரத்தையும் சேர்த்துவிடுங்கள்.